கயிறா... இரும்புக் கூண்டா? அமெரிக்க மேய்ச்சல் பண்ணைகளில் மாடு பிடிக்கும் கதை!

ஒரு கட்டுத்தறி, ஒரு மூக்கணாங்கயிறு... நம்மூரில் மாட்டைப் பிடிக்க இவ்வளவு போதும். பிறந்த நாளிலிருந்து மனிதக் கை பட்டு வளர்ந்த மாடு அது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஆனால், ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை மட்டுமே மனிதரைக் கிட்டத்தில் பார்க்கும் முந்நூறு மாடுகளுக்கு ஒரே நாளில் தடுப்பூசி போட வேண்டும் என்றால்? அவற்றுக்கு மூக்கணாங்கயிறும் கிடையாது, கழுத்துக்கயிறும் கிடையாது. ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோவுக்கு மேல். மடியில் கன்று வேறு.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இறைச்சி மாடு வளர்ப்பவர்களுக்கு ஆண்டுதோறும் இதுதான் பிரச்னை. இதற்கு அவர்களிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குதிரையும் சுருக்குக் கயிறும். இன்னொன்று, இரும்புக் குழாய்களால் ஆன சந்தும் அதன் முடிவில் நிற்கும் அமுக்குக் கூண்டும். எது நல்லது என்ற வழக்கு அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. டீக்கடைப் பேச்சு போலத் தோன்றினாலும், மாட்டின் எடை, இறைச்சியின் தரம், வேலையாளின் கைவிரல் என எல்லாமே இந்த வழக்கில் அடக்கம்.

ஸ்பெயினிலிருந்து வந்த கயிறு

அமெரிக்கக் கண்டத்தில் மாடு கிடையாது. 1493-ல் கொலம்பஸின் இரண்டாம் பயணக் கப்பல்களில்தான் முதல் மாடுகள் கரீபியன் தீவுகளுக்கு வந்தன. அங்கிருந்து மெக்சிகோ, அதன்பின் வடக்கே டெக்சாஸ், கலிபோர்னியா. மாட்டோடு ஸ்பானியர்களின் தொழில்முறையும் வந்தது. ஸ்பானிய மொழியில் ‘வாக்கா’ என்றால் பசு. பசு மேய்ப்பவர் ‘வக்கேரோ’. நெவாடா, ஓரிகன் பகுதிகளில் மாடு மேய்ப்பவர்களை இன்றும் ‘பக்கரூ’ என்றுதான் சொல்கிறார்கள். அது வக்கேரோ என்ற சொல் தேய்ந்து வந்த வடிவம். லாஸோ, ரோடியோ, ராஞ்ச் எல்லாமே ஸ்பானியம்தான். சினிமாவில் பார்க்கும் ‘கௌபாய்’, உண்மையில் மெக்சிகோ மேய்ப்பரிடம் தொழில் படித்தவர்.

கயிறு வீசுவதிலும் இரண்டு பள்ளிகள் உண்டு. டெக்சாஸ்காரர்கள் சுமார் முப்பது அடிக் கயிற்றின் ஒரு முனையைச் சேணத்தின் கொம்பில் இறுகக் கட்டிவிடுவார்கள். முள்ளும் புதரும் நிறைந்த நிலத்தில் மாடு கண்ணில் படுவதே சில விநாடிகள்தான் என்பதால், வீசினோம், பிடித்தோம் என்று இருக்க வேண்டும். கலிபோர்னியா, நெவாடா பக்கம் வெட்டவெளி. அங்கே பச்சைத்தோலைப் பின்னிச் செய்த அறுபது அடி நீளக் கயிறு வழக்கத்தில் இருந்தது. அதைக் கொம்பில் கட்டமாட்டார்கள். மாடு சிக்கியதும் இரண்டு, மூன்று சுற்று மட்டும் சுற்றி, கயிற்றை வழுக்கவிட்டு, இழுவிசையை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். தோல்கயிறு திடீர் வெட்டு தாங்காது, அறுந்துவிடும் என்பதால் வந்த பழக்கம் இது. மாட்டின் காலுக்கும் இதுதான் நல்லது. ஆனால், மனிதக் கட்டைவிரலுக்கு நல்லதல்ல! சுற்றும் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே மாட்டிக் கட்டைவிரலை இழந்தவர்கள் அந்தத் தொழிலில் பலர்.

நெருப்புக்கு இழுத்துவரும் நாள்

நெவாடா, அமெரிக்காவிலேயே மழை குறைந்த மாநிலம். ஒரு மாடு பிழைக்கப் பல பத்து ஏக்கர் மேய்ச்சல் வேண்டும். நிலத்தில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் மத்திய அரசுடையது. பண்ணையாளர்கள் கட்டணம் செலுத்தி அதில் மேய்க்கிறார்கள். இந்த மேய்ச்சலை ஒழுங்குபடுத்திய சட்டம் வந்தது 1934-ல். வேலி தூரம், ஆள் தூரம், மருத்துவர் அதைவிடத் தூரம். அதனால்தான் கயிற்று வேலை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

கன்றுகளுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும் வசந்த காலத்தில் சூட்டுக்குறி போடும் நாள் வரும். விடியும் முன்பே குதிரைக்காரர்கள் விரிந்து பரவி, தாய்களையும் கன்றுகளையும் ஓரிடத்தில் சேர்ப்பார்கள். ஒருவர் மந்தைக்குள் குதிரையை மெல்ல நடத்திச் சென்று, கன்றின் பின்னங்கால்கள் இரண்டையும் சுருக்கில் பிடிப்பார். கயிற்றைக் கொம்பில் சுற்றி, நெருப்பு இருக்கும் இடத்துக்கு இழுத்து வருவார். தரையில் நிற்பவர்கள் கன்றைப் புரட்டிப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் தடுப்பூசி, ஒருவர் சூட்டுக்கோல், ஒருவர் காயடிப்பு. ஊசியில் முக்கியமானது நம்மூர் விவசாயிகளுக்கும் தெரிந்த சப்பை நோய்க்கானது. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். கயிற்றைத் தளர்த்தியதும் கன்று எழுந்து தாயிடம் ஓடிவிடும். நன்றாகப் பழகிய கூட்டம் ஒரு காலைப்பொழுதில் நூறு, இருநூறு கன்றுகளை முடித்துவிடும்.

வேலைக்கு வருபவர்கள் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள். கூலி கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு. அடுத்த வாரம் அவர்கள் பண்ணையில் இவர் போய் நிற்க வேண்டும். ‘இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ’ என்று நம்மூரில் நடவுக்கும் அறுப்புக்கும் இருந்த மாற்றாள் முறை அப்படியே அங்கேயும்! கயிற்று முறையை விடமாட்டேன் என்பவர்களிடம் காரணம் கேட்டால், மாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் பேசுவார்கள். இரும்புக் கூண்டு வாங்கியவருக்குப் பக்கத்துப் பண்ணைக்காரரின் தேவை குறைந்துவிடுகிறது. ஆனால், கொட்டும் பனியில் மாடு காணாமல் போனால் தேடிவர ஆள் வேண்டுமே!

கூண்டுக்குள் மாடு

இரும்பு முறை இப்படி. பெரிய பட்டி ஒன்று. அது குறுகிச் சிறிய பட்டியாகும். அதிலிருந்து ஒரே ஒரு மாடு மட்டும் போகும் அகலத்தில் சந்து. வாடிவாசலை ஐம்பது அடிக்கு நீட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சந்தின் முடிவில் அமுக்குக் கூண்டு. மாடு தலையை வெளியே நீட்டியதும் கழுத்துக்குப் பின்னால் கதவு மூடிக்கொள்ளும். பக்கச் சுவர்கள் இரண்டும் உள்ளே நகர்ந்து உடலை அணைத்தாற்போல் பிடிக்கும். கையால் நெம்பும் கூண்டும் உண்டு, ஹைட்ராலிக் கூண்டும் உண்டு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் மடங்குக் கணக்கில். கன்றுகளுக்குத் தனியாகச் சாயும் மேசை இருக்கிறது. கன்றைப் பிடித்து அப்படியே பக்கவாட்டில் படுக்கவைத்துவிடும். மூன்று, நான்கு பேர் போதும். குதிரை வேண்டாம், கயிறு வீசத் தெரிந்த ஆளும் வேண்டாம்.

பெரிய மாடுகளுக்குக் கூண்டை விட்டால் வேறு வழியில்லை என்றே சொல்லலாம். இலையுதிர் காலத்தில் சினைப் பரிசோதனை நடக்கும். மருத்துவர் பின்னால் நின்று கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். முந்நூறு பசுக்களைக் கயிற்றில் பிடித்துச் சாய்த்து இதைச் செய்வது, மாட்டுக்கும் மருத்துவருக்கும் வதை. சினை பிடிக்காத மாட்டைக் குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு வைத்திருக்க எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே, இந்தப் பரிசோதனை பண்ணையின் வரவு செலவைத் தீர்மானிக்கும் வேலை.

சூடு போடுவதிலும் இந்த வேறுபாடு தெரியும். பழுக்கக் காய்ச்சிய கோலை மூன்று முதல் ஐந்து விநாடி வைத்தால் போதும். 1966-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீத் ஃபாரல் ‘குளிர்ச் சூடு’ முறையை வெளியிட்டார். செம்பு அல்லது பித்தளைக் கோலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலோ, உலர்பனிக்கட்டி கலந்த ஆல்கஹாலிலோ குளிரவைத்து, முடி மழித்த தோலில் அழுத்துவது. நிறம் தரும் செல்கள் மட்டும் செத்து, அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். கறுப்பு மாட்டில் எழுத்து பளிச்சென்று தெரியும். 1997-ல் கனடாவில் வெளியான ஆய்வுகள், நெருப்புச் சூட்டின்போது மாடு காட்டும் துடிப்பு குளிர்ச் சூட்டைவிட அதிகம் என்று பதிவு செய்தன. ஆனால், கோலை முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருநூறு கன்றுகளைக் கயிற்றில் வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமா? கூண்டு இருந்தால்தான் குளிர்ச் சூடு.

இவ்வளவு எதற்கு, காதில் தோடு போட்டால் போதாதா? போதாது என்கிறார்கள். தோட்டை அறுத்து எறிந்துவிடலாம், தோலில் இருக்கும் குறியை அழிக்க முடியாது. மாட்டுத் திருட்டு இன்றும் அங்கே உண்டு. திருட்டைத் தடுக்கவென்றே 1877-ல் தொடங்கிய டெக்சாஸ் பண்ணையாளர் சங்கம், இன்றும் தனிக் காவலர்களை வைத்திருக்கிறது. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் மாடு கைமாறும்போது சூட்டுக்குறி ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். மறுபக்கம், மாநில எல்லை தாண்டும் மாடுகளில் குறிப்பிட்ட வகைகளுக்கு 2024 நவம்பர் முதல் மின்னணுக் காதுத்தோடு கட்டாயம். ஆக, ஒரே மாட்டின் தோலில் ஐந்நூறு ஆண்டுப் பழைய முறை, காதில் நேற்று வந்த முறை.

சந்துக்குள் இறங்கிப் பார்த்த பெண்

இரும்புச் சந்து வந்ததும் எல்லாம் சுலபமாகிவிடவில்லை. மாடுகள் உள்ளே போக மறுத்தன. கத்தினார்கள், அடித்தார்கள், மின்சாரத் தார்க்குச்சியால் குத்தினார்கள். நவீன முறை என்று பேர். ஆனால், கயிற்று முறையைவிட அதிக மிரட்சி!

1970-களில் அரிசோனா மாநிலத்தில் இருந்த மாட்டுக் கொட்டில்களில் டெம்பிள் கிராண்டின் என்ற இளம்பெண் ஒரு காரியம் செய்தார். மாடு போகும் சந்துக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் குனிந்து பார்த்தார். தரையில் விழும் நிழல், காற்றில் ஆடும் சங்கிலி, வேலியில் தொங்கும் ஒரு சட்டை, தேங்கிய நீரில் மின்னும் வெளிச்சம்... மாடு நின்றுவிடுவதற்கு இவைதாம் காரணம். கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். தான் சொற்களால் அல்ல, படங்களால் சிந்திப்பதால்தான் மாட்டின் பார்வை பிடிபட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் முந்நூறு டிகிரிக்கு மேல் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆழம் கணிப்பதில் மந்தம். அதனால்தான் நிழலைப் பள்ளம் என்று நினைத்து நிற்கிறது. ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு விலகல் வட்டம் இருக்கிறது. அதற்குள் ஆள் நுழைந்தால் மாடு நகரும், வெளியே வந்தால் நிற்கும். பழகிய மாட்டுக்கு வட்டம் மிகச் சிறியது, காட்டு மேய்ச்சல் மாட்டுக்கு மிகப் பெரியது. அடுத்தது தோள்பட்டை. மாட்டின் தோளுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் போய் நின்றால் பின்வாங்கும். ஆகவே, சந்தில் நிற்கும் மாடு முன்னே நகர வேண்டுமானால், தலைப்பக்கமிருந்து வாலை நோக்கி, அதாவது மாடு போக வேண்டிய திசைக்கு எதிராக, ஆள் நடந்தால் போதும். தோளைக் கடந்ததும் மாடு தானாக முன்னே எட்டு வைக்கும். அடி வேண்டாம், சத்தம் வேண்டாம்.

கிராண்டின் வடிவமைத்த சந்துகள் வளைந்து போகும். வந்த பக்கமே திரும்பிப் போக நினைப்பது மாட்டின் குணம், வளைவு அந்தக் குணத்துக்கு ஒத்துப்போகிறது. பக்கச் சுவர் அடைத்திருக்கும், தரை வழுக்காது. நெருக்கும் பட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும் அவர் அறிவுரை. மிரண்ட மாடு அமைதியாக இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்பதால், ஒரு மாட்டை மிரளவிட்டால் அன்றைய வேலை முழுக்கத் தாமதம்.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஓரிகனைச் சேர்ந்த பட் வில்லியம்ஸ், 2012-ல் மறைந்தவர். பல்கலைக்கழகத்துக்காரர் அல்ல, மேய்ப்பர். கத்தாமல், துரத்தாமல், மந்தையின் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தே எந்த மாட்டையும் நகர்த்தலாம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். இவருடைய ‘பட் பாக்ஸ்’ வெறும் செவ்வகப் பட்டி. மாடுகள் ஒரு முனைவரை போகும், வழியில்லை என்றதும் திரும்பும், திரும்பும் பாதையில் சந்தின் வாய் இருக்கும். வளைந்த இரும்புச் சுவருக்கு ஆகும் செலவு இதில் இல்லை. சுவரை அடைக்க வேண்டும் என்ற கருத்தையும் வில்லியம்ஸ் ஏற்கவில்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் மாடு நிம்மதியாக இருக்கும் என்பது அவர் கட்சி. ஆள் பதற்றமில்லாதவராக இருந்தால் வில்லியம்ஸ் சொல்வது சரி, தினக்கூலிக்குப் புதிதாக வந்தவர் என்றால் கிராண்டின் சொல்வதே பாதுகாப்பு.

பழைய வக்கேரோக்களும் இதைத்தான் செய்தார்கள். மந்தைக்குள் குதிரையை ஓடவிடக் கூடாது, கன்றைக் கிளப்பக் கூடாது, கயிற்றை வெட்டி இழுக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. பேர் வைக்காமல் செய்ததைப் பிற்காலத்தில் படம் வரைந்து விளக்கினார்கள். அதேசமயம், மரபு என்றாலே சாந்தம் என்றும் சொல்லிவிட முடியாது. கூச்சலும் சவுக்குமாக மாட்டை ஓட்டியதும் மரபுதான். கிண்டலுக்கும் வேடிக்கைக்கும் கயிறு வீசி, கன்றின் காலை ஒடித்த கதைகளும் உண்டு.

எடையில் தெரியும் கணக்கு

மாடு அங்கே எடைக்கு விற்கப்படுகிறது. ஓட்டி, ஏற்றி, இறக்குவதில் சாணமாகவும் மூத்திரமாகவும் வியர்வையாகவும் எடை குறையும் என்பதால், வாங்குபவர் இரண்டு முதல் நான்கு சதவிகிதத்தைக் கழித்துக்கொள்வது வழக்கம். மாடு மிரண்டிருந்தால் உண்மையான இழப்பு இதையும் தாண்டும். மிரண்ட மாட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், இறைச்சி கறுத்துவிடும். அடிபட்ட இடம் கன்றிப்போகும். தடுப்பூசியை அவசரத்தில் தொடையில் குத்தினால் அங்கே கட்டி நிற்கும். விலை உயர்ந்த இறைச்சித் துண்டு அந்தப் பகுதியில்தான். அதனால், ஊசி கழுத்தில் மட்டுமே போட வேண்டும் என்பது அங்கே இப்போது விதி. 1997-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூண்டுக்குள் அமைதியாக நிற்கும் மாடுகள் துள்ளும் மாடுகளைவிட நாளொன்றுக்கு அதிக எடை கூடுவதைக் காட்டினார்கள்.

பால் மறக்கடிப்பதிலும் இதே கதைதான். தாயையும் கன்றையும் ஒரேயடியாகப் பிரித்து வண்டியில் ஏற்றுவது பழக்கம். 2003-ல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில், நடுவில் வேலி மட்டும் வைத்து, தாய் கண்ணில் படும்படி பிரித்த கன்றுகள் முதல் இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு எடை கூடின. பத்து வாரம் கழித்தும் அவையே முன்னிலையில் இருந்தன. இதற்குத் தேவைப்பட்டது பலமான வேலி மட்டுமே.

யாருக்கு எது?

அமெரிக்கப் பண்ணை என்றதும் ஆயிரக்கணக்கில் மாடுகள் என்ற படம் மனதில் வரும். 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு பண்ணைக்கு இறைச்சிப் பசுக்கள் சராசரியாக ஐம்பதுக்கும் குறைவு. விவசாயியின் சராசரி வயது 58. நாட்டின் மொத்த மாடுகள் 2025 ஜனவரியில் 8.67 கோடி. 1951-க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைவு அது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், குதிரை ஏறத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. ஐம்பது மாடு வைத்திருக்கும் அறுபது வயதுக்காரரும் அவர் மனைவியும் கையால் நெம்பும் ஒரு கூண்டு வாங்கிவைப்பது ஆசைக்காக அல்ல. ஆயிரம் மாடு வைத்திருக்கும் நெவாடாப் பண்ணைகளோ இரண்டையும் வைத்திருக்கின்றன. கன்றுக்குக் கயிறு, பெரிய மாட்டுக்குக் கூண்டு.

இதற்கிடையே, கழுத்துப் பட்டையில் ஜி.பி.எஸ். கட்டி, செல்போனில் வரைந்த எல்லையை மாடு நெருங்கினால் ஒலி எழுப்பி, தாண்டினால் லேசான மின்னதிர்ச்சி தரும் ‘கண்ணுக்குத் தெரியாத வேலி’யும் வந்துவிட்டது. மந்தையை ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு நகர்த்த இது உதவும். ஆனால், பட்டையை மாட்ட முதலில் மாட்டைப் பிடித்தாக வேண்டும்!

‘பத்து மாடு வைத்திருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று வாசகர்கள் கேட்கலாம். கூண்டு வேண்டாம். கோமாரித் தடுப்பூசி முகாமில் மருந்தக வாசலில் இருக்கும் டிராவிஸ் சட்டத்துக்குள் போக மாடு அடம்பிடித்தால், வாலை முறுக்கும் முன் ஒருமுறை மாட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து உள்ளே பாருங்கள். சட்டத்தின் மறுமுனையில் ஒரு மோட்டார் பைக்கின் கண்ணாடி மின்னிக்கொண்டிருக்கலாம். ஈரத் தரையில் குளம்பு வழுக்கலாம். சட்டத்தில் துண்டு தொங்கலாம். துண்டை எடுத்துவிட்டு, தரையில் இரண்டு கூடை மண்ணைக் கொட்டி, கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால் மாடு உள்ளே போகும். மிரண்டுவிட்டதா? அதை ஓரமாகக் கட்டிவிட்டு அடுத்தவர் மாட்டை விடச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கழித்துப் பார்க்கலாம்.